அது ஜெலி இல்லை, கடற்பாசி

 

ஹஜ்ஜுப் பெருநாளன்று நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். "ரீச்சர், அச்சில இருந்து உடையாம எப்பிடி வந்தது? எந்தக் கடையில வாங்கின பக்கற்?" என்று. தனித்தனியாகப் பதில் எழுதிக் கை நோகுது. எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். செய்முறை மட்டும் வேண்டியவர்கள் கீழே இறங்கிப் போங்கோ, அது நடுவுக்குக் கொஞ்சம் பிறகு வருகிறது.

முதலாவது, அது ஜெலி இல்லை. கடற்பாசி. எங்கட உம்மாமார் "கடப்பாசி" என்று சொல்லி நோன்பு காலத்தில் தட்டில் ஊற்றி வெட்டித் தருவார்களே, அதேதான். கறுத்தக்கொழும்பான் மாம்பழம், அன்னாசி, முந்திரிகைப்பழம், மாதுளம் முத்து எல்லாம் போட்டு, தட்டுக்குப் பதிலாக அச்சில் வைத்தேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

வீட்டில் ஜெலிப் பக்கற் இல்லாமல் இல்லை. என் மச்சி கட்டாரிலிருந்து வந்தபோது ஆறு பக்கற் கொண்டுவந்து தந்தா. சிவப்பு, பச்சை, மஞ்சள். மகன் அதை அலுமாரிக்குள் வைத்துத் தினமும் எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தான். பெருநாளுக்கு ஒரு கிழமை இருக்கும்போதே, "உம்மா, பழம் போட்டு மலை மாதிரிச் செய்யுங்கோ" என்று தொடங்கிவிட்டான். பக்கற்றில் ஹலால் முத்திரை இருக்கிறது. மாட்டு ஜெலற்றின் என்று தெளிவாக எழுதியும் இருக்கிறது. எங்களுக்கு அதில் ஒரு பிரச்சினையும் இல்லை. "பிறகென்ன, செய்து குடுங்களன்" என்றார் இவரும்.

பெருநாளன்று யார் வரப்போகிறார்கள் என்பதுதான் என் மனதில் இருந்தது. என்னோடு படிப்பிக்கிற மூன்று ரீச்சர்மார் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் சைவசமய பாடம் எடுப்பவர். பிறந்ததிலிருந்து மச்சம் தொடாதவர்.

இதை ஏன் இவ்வளவு பெரிதாக எழுதுகிறேன் என்று நினைக்கலாம். கோப்பாய் ஆசிரியர் கலாசாலையில் நாங்கள் பயிற்சியில் இருந்த காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் அணியில் சைவம், வேதம், இஸ்லாம் என்று எல்லாரும் இருந்தோம். ஒரு ஒன்றுகூடலுக்கு யாரோ ஜெலி செய்து சின்னச் சின்னக் கோப்பையில் கொண்டுவந்தார்கள். மேலே ஒரு செரிப்பழம். பார்க்க நல்ல வடிவு. நான் கோப்பையைக் கையில் வாங்கிவிட்டு, இதில் என்ன ஜெலற்றின், பன்றியா மாடா, யாரிடம் கேட்பது என்று யோசித்துக்கொண்டு நிற்கிறேன். எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்த பிள்ளையும் கோப்பையைக் கையில் வைத்தபடி இருக்கிறா. கரண்டி அசையவில்லை. கடைசியில் அவதான் என் காதுக்குள் கேட்டா: "இதுக்குள்ள மாட்டு எலும்பு போடுறவையாமே, உண்மையோ?"

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அது மாடு என்றால் ஓரளவு நிம்மதி. பிறகும் எப்படி அறுத்த மாடு என்ற கேள்வி மிச்சம். அவவுக்கு மாடு என்றால்தான் பெரிய பிரச்சினை. செய்து கொண்டுவந்தவரிடம் கேட்க இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. அவ்வளவு ஆசையாகச் செய்து கொண்டுவந்தவரிடம் "இதில் என்ன இருக்கு" என்று கேட்டால் சந்தேகப்படுகிற மாதிரி இருக்கும். கூட்டம் முடியும் வரை கோப்பையைப் பிடித்துக்கொண்டே இருந்தோம். பிறகு அவ தன்னுடையதை யாரோ ஒருவருடைய சின்னப் பிள்ளைக்குக் கொடுத்தா. என்னுடையது மேசையில் கரைந்து தண்ணீராகப் போனது.

ஜெலற்றின் என்பது மாடு, பன்றி போன்ற விலங்குகளின் தோலையும் எலும்பையும் பதப்படுத்தி எடுக்கிற புரதம். மீனிலிருந்து எடுப்பதும் உண்டு. பக்கற்றின் பின்பக்கத்தில் சில வேளை பெயர் இருக்காது, ஈ 441 என்று இலக்கம் மட்டும் இருக்கும். அந்த இலக்கம் எந்த விலங்கு என்று சொல்லாது. தோல் இன்னொரு பொருளாக முழுதாக மாறிவிட்டதால் கூடும் என்கிற உலமாக்களும் இருக்கிறார்கள், கூடாது என்கிறவர்களும் இருக்கிறார்கள். நான் மௌலவி இல்லை, அதற்குள் போகவில்லை. கடற்பாசியின் இலக்கம் ஈ 406. அது கடலில் முளைக்கிற சிவப்புப் பாசியிலிருந்து வருகிறது. விலங்கு ஒன்றும் அதில் இல்லை.

ஹஜ்ஜுப் பெருநாள் வீட்டை நினைத்துப் பாருங்கோ. குர்பானிப் பெருநாள். அடுப்பில் இருப்பதெல்லாம் இறைச்சி. ரொட்டிக்கு இறைச்சி, புரியாணிக்கு இறைச்சி, கட்லட்டுக்குள் இறைச்சி. சரி, இனிப்பாவது கொடுக்கலாம் என்றால் வட்டலப்பத்தில் முட்டை. மச்சம் சாப்பிடாத ஒருவர் பெருநாளுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தால் என்ன கொடுக்கிறோம்? போத்தல் சோடாவும் வாழைப்பழமும். உண்மையா இல்லையா? மூடி திறக்காத போத்தல், தோல் உரிக்காத பழம். எங்கள் கை படாத இரண்டு சாமான். அவர்களும் சிரித்த முகத்தோடு அதைக் குடித்துவிட்டுப் போவார்கள். ஒருவரிலும் குறை இல்லை. ஆனால் ஒரு வீட்டுக்கு வந்து, அந்த வீட்டு அடுப்பில் ஆனது ஒன்றையும் வாயில் வைக்காமல் போவதை வருசா வருசம் பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

எங்களைப் போல் திரும்பி வந்த சனத்துக்கு, வீட்டுக்கு ஆள் வருவது சின்ன விஷயம் இல்லை. 1990 ஒக்டோபர் 30 அன்று எனக்கு ஒன்றரை வயது. இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளிக்கிட வேண்டும் என்று சொல்லப்பட்டபோது உம்மா என்னைத் தூக்கிக்கொண்டு நடந்தா. சோனகத்தெருவும் பெரிய பள்ளிவாசலும் எனக்குக் கேட்ட கதைதான், பார்த்த ஊர் இல்லை. நான் வளர்ந்தது புத்தளத்தில், ஓலைக் கொட்டிலில். யுத்தம் முடிந்து இங்கே வந்து குடியேறியபோது கூரை இல்லாத வீடு, சுவருக்குள் ஆலமரம். முதல் இரண்டு மூன்று பெருநாளுக்கு எங்கள் படலையைத் திறந்து வந்தது சொந்தக்காரர் மட்டும்தான். கோப்பாயில் படித்த சிநேகிதிகளும், பிறகு பள்ளிக்கூட ரீச்சர்மாரும் வரத் தொடங்கிய பிறகுதான் எனக்கு இது ஊர் மாதிரி இருந்தது.

கடற்பாசியின் கதையும் இதே இரண்டு ஊர்களைச் சுற்றித்தான் போகிறது. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் எழுதிய மருந்து, தாவர நூல்களில் 'சிலோன் மொஸ்' என்று ஒரு பாசியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். நோயாளிக்கும் பிள்ளைகளுக்கும் காய்ச்சிக் கொடுக்க நல்லது என்று அந்தக் காலத்தில் ஐரோப்பா வரை பெயர் போனது. அதற்கு இன்னொரு பெயர் 'ஜப்னா மொஸ்', யாழ்ப்பாணப் பாசி. அது நிறைய விளைகிற இடமாக அவர்கள் சொல்வது புத்தளத்துக்கும் கல்பிட்டிக்கும் இடையில் இருக்கிற களப்பை. தென்மேல் பருவக்காற்றில் தண்ணீர் கலங்கும்போது கழன்று வருகிற பாசியைச் சேர்த்து, பாயில் விரித்துக் காயவைத்து, நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவி, மறுபடி வெயிலில் போட்டு வெளுக்க வைப்பார்கள் என்று முறையும் எழுதியிருக்கிறார்கள். நான் இதை முதலில் வாசித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு இருந்தேன். என் உம்மும்மா கொட்டில் வாசலில் பாய் விரித்துச் செய்ததும் இதேதான். கறுத்த ஊதா நிறத்தில் மீன் மணத்தோடு வரும் பாசி, நாலைந்து நாள் கழுவலிலும் வெயிலிலும் வைக்கோல் நிறமாகிவிடும். பெயர் யாழ்ப்பாணம், விளைந்தது புத்தளக் களப்பு. எங்களைப் போலத்தான்.

(இப்போது பூநகரிப் பக்கம் வலைப்பாடு மாதிரியான கரையோரக் கிராமங்களில் கயிறு கட்டி வளர்க்கிறார்களே, அது வேறு இனம். கப்பாபைக்கஸ் என்பார்கள். அதிலிருந்து கராஜீனன் எடுப்பார்கள். 'மரக்கறி ஜெலி' என்று எழுதியிருக்கும் பக்கற்றுகளில் பெரும்பாலும் அதுதான் இருக்கும்.)

முகாமில் மின்சாரம் இல்லை, பிறிட்ஜ் இல்லை. ஆனால் நோன்பு திறக்கிற நேரத்தில் ஒரு துண்டு கடற்பாசி எல்லார் கையிலும் இருக்கும். அச்சு என்ன தெரியுமா? பால்மா டின்னின் மூடி. வேலியோரம் நின்ற பப்பாசியில் நாலு துண்டு உள்ளே. உம்மா அதைச் செய்யும்போது ஜெலற்றினும் தெரியாது, புரதமும் தெரியாது. ஆனால் வேறு எதைச் செய்திருந்தாலும் அந்த வெயிலில் உறைந்திருக்காது.

விஞ்ஞான ரீச்சர் என்ற படியால் இதைக் கொஞ்சம் சொல்லாமல் விடமாட்டேன். ஜெலற்றின் 30 பாகை செல்சியஸ் தாண்டினாலே இளகத் தொடங்கும். அதாவது எங்கட ஜூன் மாதத்து மத்தியானம். கடற்பாசி 40 பாகைக்குக் கீழே வந்ததும் உறையும், உறைந்த பிறகு 85 பாகை அளவுக்குச் சூடாக்கினால்தான் திரும்பக் கரையும். அதனால்தான் மேசையில் மூன்று மணித்தியாலம் வைத்தாலும் அது மலை மாதிரியே நிற்கும். அடுத்தது, பச்சை அன்னாசியிலும் பப்பாசியிலும் புரதத்தை வெட்டுகிற நொதியங்கள் இருக்கின்றன. இறைச்சி மெத்தென்று வர பப்பாசிக்காய் போடுகிறோமே, அதே வேலைதான். ஜெலற்றின் புரதம் என்பதால் அந்தப் பழங்களைப் போட்டால் உறையவே உறையாது. கடற்பாசி மாச்சத்துக் குடும்பம், புரதம் இல்லை. பச்சை அன்னாசியைத் தாராளமாகப் போடலாம்.

ஆய்வுகூடத்தில் கிருமி வளர்க்கிற தட்டில் இருப்பதும் இதே சாமான்தான், அகார். அதை அங்கே கொண்டுபோனது ஒரு வீட்டுச் சமையல். 1881 அளவில் ஜேர்மனியில் றொபேட் கொக்கின் ஆய்வுகூடத்தில் வேலை செய்த வால்தர் ஹெஸ்ஸ என்பவருக்குக் கோடை வெயிலில் ஜெலற்றின் தட்டெல்லாம் இளகிப் போய்விட்டது. உங்கட ஜெலி மட்டும் இந்த வெயிலில் எப்படி நிற்கிறது என்று மனைவியிடம் கேட்டிருக்கிறார். அவர் பெயர் ஃபானி ஹெஸ்ஸ. தான் போடுவது அகார் என்றும், யாவாவில் இருந்துவிட்டு வந்த அயலவர் ஒருவரிடம் பழகிக்கொண்டதாகவும் அவர் சொல்லியிருக்கிறார். 1882 இல் கொக் காசநோய்க் கிருமியைப் பற்றி எழுதியபோது அகார் அதில் இருக்கிறது, ஃபானியின் பெயர் இல்லை. இதை வகுப்பில் சொன்னால் பெண் பிள்ளைகள் "அநியாயம் ரீச்சர்" என்பார்கள்.

சரி, செய்முறை.

கடற்பாசி நார் 10 கிராம் ஒரு அளவு, 5 கிராம் ஒரு அளவு. தனித்தனியாகப் பச்சைத் தண்ணீரில் அரை மணித்தியாலம் ஊற விடுங்கோ. முதலில் 10 கிராமைப் பிழிந்து எடுத்து 700 மில்லிலீற்றர் தண்ணீரில் போட்டு மெல்லிய நெருப்பில் காய்ச்ச வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம். கரண்டியைத் தூக்கிப் பார்த்தால் ஒரு நாரும் தெரியக் கூடாது. அதற்குப் பிறகுதான் சீனி, 125 கிராம் காணும். நார் கரைய முதல் சீனி போட்டால் கரைய நேரம் எடுக்கும். வடிகட்டி இறக்கி, சூடு கொஞ்சம் தணிந்த பிறகு ஒரு மேசைக்கரண்டி தேசிக்காய்ப் புளி விடுங்கோ. புளியை விட்டுக் கொதிக்க வைத்தால் பாசி பலம் இழந்துவிடும்.

அச்சைத் தண்ணீரில் அலசி, துடைக்காமல் வையுங்கோ. பாசித் தண்ணீரில் ஒரு விரல் உயரத்துக்கு மட்டும் ஊற்றி, மிச்சத்தைச் சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் இறக்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அது பாத்திரத்திலேயே உறைந்துவிடும். அச்சில் ஊற்றியது பாதி உறைந்து, விரலால் தொட்டால் ஒட்டுகிற பதத்தில் பழத்தை அடுக்குங்கோ. அச்சைக் கவிழ்க்கும்போது அடி மேலே வரும், ஆகவே வடிவான பக்கம் கீழே பார்க்க வேண்டும். பழத்தைப் பிறிட்ஜில் இருந்து எடுத்த குளிரோடு போடக் கூடாது. குளிர் பட்ட இடத்தில் பாசி சட்டென்று கட்டியாகிவிடும். பிறகு மிச்சத்தை மெதுவாக ஊற்றலாம்.

மற்ற 5 கிராமை 200 மில்லிலீற்றர் தண்ணீரில் காய்ச்சி, சூடான பசுப்பால் 150 மில்லிலீற்றரும் டின்பால் இரண்டு மேசைக்கரண்டியும் சேர்த்தால் பால் படை. இதை ஊற்றுகிற நேரம்தான் முக்கியம். கீழ்ப்படை முழுதாக இறுகிக் காய்ந்த பிறகு ஊற்றினால் இரண்டும் ஒட்டாது, வெட்டும்போது வழுக்கிப் பிரிந்து போகும். மேல்பக்கம் இன்னும் பசை மாதிரி இருக்கும்போதே, பாலை இளஞ்சூட்டில், ஒரு கரண்டியின் முதுகில் விழ விட்டு ஊற்றுங்கோ. வெளியிலேயே உறையும். பிறகு குளிருக்காக மட்டும் பிறிட்ஜில் வைக்கலாம்.

கவிழ்க்க முதல் விளிம்பைச் சுற்றி விரலால் மெதுவாக உள்ளுக்குத் தள்ளிவிட்டால் காற்று போய்விடும். தட்டையும் நனைத்து வையுங்கோ. நடுவில் விழாவிட்டாலும் நனைந்த தட்டில் தள்ளி நேராக்கலாம். அடுத்த நாளுக்கு வைத்தால் தண்ணீர் விடும், அன்றே முடித்துவிடுவது நல்லது. கலரிங் போடாதீங்கோ. மாம்பழ நிறத்தை விட என்ன கலர் வேண்டும்?

அச்சைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். என்னிடம் வட்டலப்பம் அவிக்கிற அச்சு ஏற்கெனவே இருந்தது. அதில் எத்தனையோ தரம் முட்டை அவிந்திருக்கிறது. கழுவினால் போதாதா என்று கேட்டால் எனக்குப் போதும்தான். பன்றி வெந்த சட்டியை எவ்வளவு கழுவித் தந்தாலும் எங்களுக்கு மனம் வருமா? அதையே மற்றப் பக்கமும் யோசித்துப் பார்த்துவிட்டு, பெரிய கடையில் அலுமினிய அச்சு புதிதாக ஒன்று வாங்கினேன். கண்ணாடிக் கோப்பையும் புதிதாக ஆறு. இவர் விலையைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை.

பெருநாளன்று நாலு மணி போல் மூன்று ரீச்சர்மாரும் வந்தார்கள். மற்ற இருவருக்கும் புரியாணி போட்டேன். சைவசமய ரீச்சர் வழக்கம்போல், "எனக்கு ஒண்டும் வேண்டாமடா, சோடா காணும்" என்றா. நான் அச்சைக் கொண்டுவந்து அவவுக்கு முன்னாலேயே கவிழ்த்தேன். மகன் கை தட்டினான். அவவின் முகத்தில் நான் கோப்பாயில் பார்த்த அதே யோசனை. கேட்பதற்கு முதல் நானே சொன்னேன்: "ரீச்சர், இது கடற்பாசி. ஜெலற்றின் இல்லை, முட்டை இல்லை. பால், பழம், சீனி மட்டும். அச்சும் கோப்பையும் புதுசு, இதில வேற ஒண்டும் செய்யேல்லை."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு, "அச்சும் புதுசோ?" என்று திரும்பக் கேட்டா. ஓம் என்றேன். இரண்டு கோப்பை சாப்பிட்டா. அன்னாசியைத் தனியாக எடுத்துக் கடைசியில் சாப்பிட்டா. தன் அம்மாவும் முந்திக் கடற்பாசி காய்ச்சுவா என்றும், சோனகத்தெருவில் இருந்த ஒரு சிநேகிதியிடம் பழகினது என்றும், தொண்ணூறுக்குப் பிறகு அம்மா அதைக் காய்ச்சவே இல்லை என்றும் அப்போதுதான் சொன்னா. அந்தச் சிநேகிதியின் பெயரையும் சொன்னா. எங்களுக்குத் தெரிந்த பெயர் இல்லை. இதை வாசிக்கிற மூத்தவர்களில் யாருக்காவது தெரிந்திருக்கலாம்; இன்பொக்ஸில் கேட்டால் சொல்கிறேன், இங்கே போடவில்லை. அந்த அம்மாவுக்கு இப்போது எண்பது வயதாகிறது. விசாரிக்கச் சொன்னாவாம்.

போகும்போது ஒரு பெரிய துண்டை டப்பாவில் போட்டுக் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு டப்பா கழுவித் திரும்பி வந்தது, உள்ளே பயற்றம் பணியாரத்தோடு. மகன் கட்டார்ப் பக்கற்றுகளை இன்னும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறான். அதை ஒரு நாளைக்கு எங்களுக்கு மட்டும் செய்து கொடுக்க வேண்டும், பாவம்.

அச்சு இரவல் வேண்டியவர்கள் சொல்லுங்கோ, தருகிறேன். இரண்டு இருக்கிறது. ஆனால் புது அச்சைக் கடற்பாசிக்கு மட்டும்தான் தருவேன். வட்டலப்பத்துக்குப் பழையதைக் கேளுங்கோ.